குரவையைத் தொடங்குகிறவள்

மகளிர் விடுதி, கண்டி
02.02.2025

அன்புள்ள றகீபா மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மிகுந்த கோபத்தோடு எழுதத் தொடங்கி, முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இப்போது ஓரளவு மரியாதையாக எழுதுகிறேன்.

இந்த விடுதியில் எங்களிடம் தொலைபேசி இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாடன் மிஸ்ஸின் போனில், வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் வீட்டோடு கதைக்கலாம். இன்று வாப்பா எடுத்தார். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டீர்கள் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு, மே மாதம் நடக்கப்போகும் அஸ்மிலா மச்சியின் கலியாணத்தில் நீங்கள் குரவை போடமாட்டீர்களாம் என்றார். அப்படியென்றால் யார் போடுவது என்று கேட்டேன்.

"மாமா போன்ல பதிஞ்சு வெச்சிரிக்கிற குரவைய ஸ்பீக்கர்ல போடுவாராம்."

"ஸ்பீக்கர்லயா?" என்று நான் கத்தியதில் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடமும் முடிந்துவிட்டது.

மாமி, மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது நீங்கள் நாக்கைச் சுழற்றி முதல் குரலை எடுத்தால்தான் மற்றப் பெண்கள் சேருவார்கள். நீங்கள் தொடங்காவிட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனை கலியாணத்தில் பார்த்திருக்கிறேன். சொந்த மகளின் கலியாணத்தில் உங்கள் இடத்தில் ஒரு பெட்டி நின்று கத்துமா?

போன வருடம் ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒருத்தி, 'இவக்கு எங்கிரிந்து இவ்வளவு மூச்சு வருகிது' என்று சொன்னாளாம். மறுநாள் காய்ச்சல் வந்ததாம். அதனால் குரவைக்குப் பட்ட கண்ணூறுதான் உங்கள் நெஞ்சைக் கெடுத்தது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்களாம். கண்ணூறு எக்ஸ்ரேயில் தெரியுமா மாமி? உங்கள் படத்தில் வலது பக்கம் கீழே வெள்ளையாக இருந்ததாமே, அது நியூமோனியா. ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தடவை.

நான் வேறொன்றை நினைக்கிறேன். இந்தத் தவணையில் எங்களுக்கு ஓமோன்கள் பாடம் நடக்கிறது. உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மாதவிடாய் நின்றதல்லவா? அப்போது பெண் உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அது பிள்ளை பெறுவதற்கு மட்டும் உள்ளது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நூலகத்தில் இருந்த பெரிய புத்தகத்தில் பார்த்தால், நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் கலங்கள், அதாவது செல்கள்கூட அந்த ஓமோனின் பேச்சைக் கேட்குமாம். அது குறைந்த பிறகு அந்தக் கலங்கள் இருக்கின்றன, ஆனால் முன்போல உடனே எழும்புவதில்லை. சில நேரம் பிந்தி எழும்பி, பிறகு அடங்கவேண்டிய நேரத்தில் அடங்காமல் நிற்கின்றன.

வாசித்தபோது உங்கள் குரவைதான் ஞாபகம் வந்தது. எல்லாப் பெண்களுக்கும் நாக்கு இருக்கிறது. தொடங்குகிறவள்தான் இல்லை.

அந்த ஓமோன் மாத்திரையாகவும் இருக்கிறதாம். கல்முனை மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மருமகள்,
ஸகியா


மருதமுனை
12.02.2025

ஸகியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கிடைத்தது.

உன் மாமாவை உனக்குத் தெரியாதா? இந்தத் தெருவில் பாதி ஆம்பிளைகள் சவூதியில் இருந்த காலத்தில் எல்லா வீட்டுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டியவர். இந்த வீட்டுக்குள் ஓர் உறை வந்தால் ஹோலில் எழும்பி நின்று, பள்ளிவாசல் மைக்கில் இறந்தவர் பேரைச் சொல்லி மௌத்து அறிவிக்கிற அதே குரலில் வாசித்தால்தான் அவருக்கு உயிர். நீ எழுதியது வெள்ளிக்கிழமை வந்தது. அந்த நேரம் ஹோலில் யார் இருந்தார்கள்? அஸீமின் உம்மாவும் வாப்பாவும். மகளைக் கட்டப்போகிற மாப்பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும், ஸகியா! வட்டிலப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு நான் கதவுப் பக்கம் நிற்கிறேன். "நம்மட மருமகள் கண்டியிலிரிந்து எழுதிரிக்காள், நல்லாப் படிக்கிற புள்ள" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மனிதர் தொடங்கிவிட்டார்.

'உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மாதவிடாய் நின்றதல்லவா.'

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அஸீமின் வாப்பா மேலே சுழலுகிற ஃபேனைப் பார்த்தார். அஸ்மிலா குசினிக்குள் ஓடினாள். மாமா கடைசி வரிவரைக்கும் வாசித்து உன் பேரையும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர்கள் போன பிறகு, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"தொடங்கின அறிவித்தல இடையில உட்டா சனம் குழம்பிரும் றகீபா."

நான் அழுதேன். பிறகு இருமினேன். அவருக்கு எது அழுகை, எது இருமல் என்று தெரியவில்லை.

நீ படிக்கிற பிள்ளை. ஆனால் சில விசயம் எழுத்தில் போடுவதில்லை. அது நின்றபோது நாங்கள் நிம்மதி என்றுதான் நினைத்தோம். ஐந்து வருடமாக றமழானில் முப்பது நோன்பையும் விடாமல் பிடிக்கிறேன். அந்த நாட்களில் விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கிற கழா ஒன்றுகூட இல்லை. அல்லாஹ் தந்த சுகத்தை நீ வருத்தம் என்கிறாய்.

குரவை போடுவதில்லை. மாத்திரையும் வேண்டாம். நீ படி.

மாமி


மகளிர் விடுதி, கண்டி
17.02.2025

மாமி,

உங்கள் கடிதத்தைக் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தேன். மேலே உட்கார்ந்து வாசிக்க வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த உறையின் மேல் 'றகீபா மாமி மட்டும் பிரிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

மாத்திரை விசயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். "புத்தகத்தில ஒரு பக்கம் வாசிச்சிட்டு ஆக்களுக்கு மருந்து எழுத வெளிக்கிட்டியா?" என்று ஏசினார். நெஞ்சுச் சளிக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லையாம். வேறு காரணத்துக்கு, டொக்டர் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். அதனால் கடைக்குப் போகவேண்டாம்.

ஆனால் மற்றதைத் தவறு என்று டீச்சர் சொல்லவில்லை. இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். வயது, அடுப்புப் புகை, ஓமோன் எல்லாம் சேர்ந்துதான் நெஞ்சைப் பலவீனமாக்கும் என்றார். நான் அதை நிம்மதி இல்லை என்று சொல்லவில்லை மாமி. நிம்மதிதான். ஆனால் அது போகும்போது தன்னோடு ஒரு காவலையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், காய்ச்சல் வந்த முதல் நாளே போகலாம் அல்லவா? நீங்கள் இரண்டு தடவையும் முதலில் சளிப் பாணி குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தீர்கள். மூச்சு வாங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரேயொரு கேள்வி. கோபப்படாமல் பதில் எழுதுங்கள். நீங்கள் டொக்டரிடம் போகும்போது உங்கள் வருத்தத்தை யார் சொல்வது?

ஸகியா


மருதமுனை
27.02.2025

ஸகியா மகளுக்கு,

உறையில் சிவப்பு மையில் எழுதியதையும் உன் மாமா சத்தமாகத்தான் வாசித்தார். ஆனால் பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நாற்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

உன் கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இங்கே நடந்ததைக் கேள். நீ என்னை மானம் கெடுத்தாய் என்று நான் வாசல் பக்கமே போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பின்பக்க வேலியால் பக்கத்து வீட்டு ஜெஸீமா வந்தாள். "ராத்தா, அந்தக் கடிதத்தில என்ன எழுதிரிந்த? எனக்கும் அது நிண்டதிலிரிந்து ஒவ்வொரு மழைக்கும் நெஞ்சுக்குள்ள இறங்குது" என்றாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர். பிறகு யார் வந்தது தெரியுமா? அஸீமின் உம்மா! முகத்தை மூடிக்கொண்டு, தனியாக, ஓட்டோவில். "சம்மந்தி, அண்டைக்கு வாசிச்சத இன்னொருக்கா கேக்கணும். அவர் பக்கத்தில இரிந்ததால எனக்கு ஒண்டும் விளங்கல்ல" என்றா. அவவுக்கும் போன மழைக்கு நியூமோனியாவாம். எங்களுக்குச் சொல்லவில்லை. சம்மந்தம் குழம்பிவிடும் என்று பயந்தாவாம்! நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்து, அவவுக்கும் வந்து, அஸ்மிலா இரண்டு கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள்.

பெரியநீலாவணையிலிருந்து கனகேஸ்வரி மீன் கொண்டுவந்தவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள், அவளுக்கு வாய் எப்போதும் பெரிசு. "மகள்ட கலியாணத்தில ஸ்பீக்கர்ல குரவை போடப் போறியாமே? அப்ப மாப்பிள்ளைக்கும் ஒரு படத்த மாட்டி வெச்சிரன்" என்றாள். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பொம்பிளை டொக்டர் வந்திருக்கிறா, நாளைக்கே வா என்றாள்.

இப்போது உன் கேள்வி. டொக்டரிடம் மாமாதான் சொல்வார். எங்கள் ஊரில் எந்த வீட்டில் பொம்பிளை தன் வருத்தத்தைத் தானே சொன்னாள்? அவர் முன்னால் உட்காருவார், நான் பக்கத்தில் நிற்பேன். அவருக்குத் தெரிந்தது ஒரு வருத்தம்தான், சளி. நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

"என்ன வருத்தம்?" என்று டொக்டர் கேட்டா.

"சளி டொக்டர். கொஞ்சம் தடிமல்."

"உங்களுக்கா ஐயா?"

"இல்ல, இவக்கு."

"அப்ப அவ கதைக்கட்டும். நீங்க எழும்பி அந்தக் கதிரையில இரிங்க."

மாமா எழும்பினார். நான் அந்தக் கதிரையில் இருந்தேன். முதலில் வாய் வரவில்லை. பிறகு வந்தது, மகள். அது எப்போது நின்றது, அதற்கு முன் தடிமல் வந்தால் இரண்டு நாளில் போனது, பின்னால் வந்தால் நெஞ்சில் குந்துகிறது, இரவில் வேர்ப்பது, பின்பக்கத்து விறகடுப்பு, எல்லாம் சொன்னேன். உன் கடிதத்தையும் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டா.

"அந்த மாத்திரை இதுக்கில்ல. மற்றது உங்கட மருமகள் சொல்லுறது சரிதான், ஆனா அது மட்டுமில்ல. வயசும் புகையும் சேர்ந்திரிக்கி. இனிக் காய்ச்சல் வந்தா ஒரு நாள் பாருங்க, ரெண்டாம் நாள் இஞ்ச வாங்க."

நியூமோனியாவுக்கு ஓர் ஊசி, தடிமல் காய்ச்சலுக்கு ஓர் ஊசி. விறகடுப்பை நிறுத்தச் சொன்னா. மூன்று குழாய்க்குள் மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமான் தந்தா. குழாயில் வாயை வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே போகவேண்டும். எனக்கு முதல் பந்து மட்டும் அசைந்தது. கனகேஸ்வரி பிடுங்கி ஊதினாள். ஒன்றும் போகவில்லை. "ஊதுறதில்ல மடைச்சி, இழுக்கிற" என்றேன். அவளுக்கு நான் ஏசி எத்தனை காலம்!

குரவையைப் பற்றிக் கேட்டேன். டொக்டர் சிரித்தா. "மூன்று பந்தும் எழும்பட்டும். அதுக்குப் பிறகு நீங்க போடுங்க, நான் கேக்கிறன்."

நான் இன்னும் போடுவதாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டுப் பார்த்தேன்.

மாமி


மகளிர் விடுதி, கண்டி
06.03.2025

அன்பு மாமி,

'அப்ப அவ கதைக்கட்டும்' என்ற வரியை என் மேசைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். அறைத் தோழிகள் இது யார் சொன்னது, ஏதாவது பெரிய ஆளா என்று கேட்கிறார்கள். ஓம் என்கிறேன்.

ஊசியைப் பற்றி டீச்சரிடம் கேட்டேன். கிருமி வருவதற்கு முன்னாலேயே அதன் அடையாளத்தைக் கலங்களுக்குக் காட்டிப் பழக்குவதாம். அதாவது மாமி, தொடங்குகிறவள் இல்லாத வீட்டிலும், மாப்பிள்ளையைக் கண்டதும் தாமாகவே குரவை எடுக்கப் பெண்களைப் பழக்கி வைப்பதுபோல. இப்படிச் சொன்னதும் டீச்சர் "பரீட்சையில இப்பிடி எழுதிராத" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நோன்பு தொடங்கிவிட்டது. இங்கே முஸ்லிம் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். விடியுமுன் ஸஹருக்கு எழும்பி, பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு தொழுகிறோம். உங்கள் கஞ்சியை நினைத்தால் அழுகை வருகிறது.

ஒரு சத்தியம் செய்து தாருங்கள். காய்ச்சல் வந்தால் நோன்பு என்று மறைக்கக்கூடாது. நோயாளிக்கு விட்டுப் பிடிக்க அனுமதி இருக்கிறது. இது உயிரியல் டீச்சர் சொன்னதல்ல, நீங்கள் எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தது.

இரண்டாவது பந்து எழும்பியதா?

ஸகியா


மருதமுனை
24.03.2025

மகளுக்கு,

சத்தியம் செய்து எழுதத்தான் இருந்தேன். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

போன வாரம் மழையில் நனைந்துகொண்டு காயப்போட்ட உடுப்பெல்லாம் எடுத்தேன். மறுநாள் ஸஹரிலேயே உடம்பு சுட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நோன்புதான், இந்த வருடமும் முழுதாகப் பிடித்துவிடலாம் என்ற ஆசை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சினேன், காஸ் அடுப்பில்தான். பின்னேரம் கனகேஸ்வரி வழக்கம்போலத் தன் வீட்டுக்குக் கஞ்சி வாங்க வாளியோடு வந்தாள். நான் ஊற்றும்போது என் மூச்சைக் கேட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். உடனே வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டாள்.

"பதியுதீன் காக்கா! இஞ்ச வாங்க! இவ திரும்பவும் மறைக்கிறாள்!"

மாமா ஓடிவந்தார். நான், நோன்பு திறந்த பிறகு போகலாம், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்றேன். மகள், அந்த மனிதர் என்னோடு சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அவருடைய பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. என் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நோன்பக் கழாவாப் பிடிக்கலாம் றகீபா. இந்த ஊரில எத்தின பேர்ட பேர நான் அந்த மைக்கில வாசிச்சிட்டன். உன்ட பேர வாசிக்க எனக்கு ஏலா."

நான் எழும்பி ஓட்டோவில் ஏறினேன்.

இந்த முறை மாமா முன் கதிரையில் உட்காரவே இல்லை. அதே டொக்டர்தான். நெஞ்சில் வைத்துக் கேட்டா, எக்ஸ்ரே எடுத்தா. வலது பக்கம் கொஞ்சம் தொடங்கியிருக்கிறது, ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள், வார்டில் நிற்கத் தேவையில்லை என்றா. மருந்து தந்து, அங்கேயே முதல் குளிசையைப் போடச் சொன்னா. மஃரிபுக்கு முன்னால், வெயில் இருக்கும்போதே, ஒரு கோப்பை தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பிறகு பிஸ்மி சொல்லிக் குடித்தேன்.

இப்போது காய்ச்சல் இல்லை. இருமல் போகிறது. முன்னைய இரண்டு தடவையும் வார்டில் கிடந்ததை நினைத்தால் இது ஒன்றுமேயில்லை. ஏழு நோன்பு கழா. பெருநாளைக்குப் பிறகு பிடிப்பேன், உனக்கென்ன.

இரண்டாவது பந்து எழும்பியிருந்தது. காய்ச்சலோடு திரும்பவும் கீழே போய்விட்டது. பந்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருக்கிறேன்.

மாமி


மகளிர் விடுதி, கண்டி
28.04.2025

அன்பு மாமி,

விடுமுறை முடிந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் தந்த மஸ்கட் அல்வாப் பெட்டியைத் திறந்து முடிவதற்குள் காலியாகிவிட்டது.

ஊரில் நின்றபோது உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஒருநாள் காலையில் நீங்கள் பின்பக்கத்து மாமரத்துக்குக் கீழே தனியாக நின்று குரவை எடுத்துப் பார்த்தீர்கள். நான் கிணற்றடியில் நின்றேன். குரல் எழும்பி, பாதியில் உடைந்து, நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தீர்கள். நான் தண்ணீர் அள்ளுவதுபோலக் குனிந்துவிட்டேன். உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். மேசையில் மூன்றாவது பந்தும் அசையாமல்தான் இருந்தது.

மாமா ஸ்பீக்கரைத் தூசி தட்டித் துடைத்து வைத்திருப்பதையும் பார்த்தேன். "அவசரத்துக்கு மகள், அவசரத்துக்கு" என்றார்.

மாமி, குரல் பாதியில் உடைந்தால் உடையட்டும். நீங்கள் இருக்கிறீர்கள், நெஞ்சு தெளிந்திருக்கிறது, எனக்கு அதுவே போதும் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அது உண்மையில்லை. எனக்கு அது போதாது. உங்களுக்கும் போதாது என்று எனக்குத் தெரியும். அதனால் இழுங்கள் மாமி. ஒவ்வொரு நாளும் இழுங்கள்.

கலியாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை எனக்குத் தவணைப் பரீட்சை தொடங்குகிறது. வரமுடியாது. அழுது முடித்துவிட்டேன். வாடன் மிஸ்ஸிடம் கேட்டேன். மாப்பிள்ளை வரும் நேரத்துக்கு அவருடைய போனுக்கு அழைத்தால் கேட்க விடுவதாகச் சொன்னார். அஸ்மிலா மச்சியிடம் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

ஸகியா


மருதமுனை
20.05.2025

என் மகள் ஸகியாவுக்கு,

நீ கேட்டாய் என்று அஸ்மிலா சொன்னாள். ஆனால் கேட்டது பாதிதான். பார்த்திருக்க வேண்டும். அதனால் கலியாண வீட்டுப் பாத்திரம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பின்னேரம் மாப்பிள்ளை ஊர்வலம் கடற்கரை வீதியால் வந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. அஸீம் வெள்ளைச் சட்டையில் வேர்த்துப்போய் வருகிறான். அவர்கள் பக்கத்துப் பெண்கள் குரவையோடுதான் வருகிறார்கள். முன்னுக்கு யார்? அஸீமின் உம்மா! அவவும் அந்த டொக்டரிடம் போய் ஊசி போட்டு, அவவுக்கும் ஒரு பந்துச் சாமான். எனக்குச் சொல்லாமல் பழகியிருக்கிறா, கள்ளி. அவவின் குரல் வாசல்வரை வந்து நின்றது. இனி எங்கள் பக்கம்.

எங்கள் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் சொல்லியிருக்கவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமா பந்தலில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கையில் பதிந்து வைத்த போன், மற்றக் கையில் மைக். என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். மனிதர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். நாற்பது வருடம் பழகிய வாய், வேறு எப்படி வரும்?

"மர்ஹூம் மீராலெவ்வையின் மகளும், பதியுதீனின் மனைவியும், அஸ்மிலாவின் தாயாருமாகிய றகீபா அவர்கள்..."

யா றப்பே! பந்தல் முழுக்க விறைத்துப் போனது. சமைக்கிற இடத்தில் அகப்பைச் சத்தம் நின்றது. ஒழுங்கை முனையில் யாரோ ஒரு வயதானவர் மௌத்துக்குச் சொல்கிற "இன்னா லில்லாஹி"யைத் தொடங்கியே விட்டார். அஸீம் வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான். மாமாவுக்கு அப்போதுதான் தான் என்ன குரலில் வாசிக்கிறார் என்று விளங்கியது. ஆனால் தொடங்கிய அறிவித்தலை இடையில் விடுகிற ஆளா அவர்? தொண்டையைச் செருமினார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, சிரிக்கவும் செய்கிறார்.

"...இப்ப குரவை போடுவா!"

கனகேஸ்வரி என் முதுகில் ஓர் அடி அடித்தாள். "போடு கா! உன்னை மௌத்தாக்கிப் போட்டார் மனிசன். உசிரோட இரிக்கிறத காட்டு!"

சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் தொண்டைவரை வந்தது. மாமாவின் கை சட்டைப் பைக்குப் போவதைக் கண்டேன். வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். கண்ணை மூடினேன். அந்தக் குழாயில் வாயை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு இழுத்தேன். முதல் பந்து போனது. இரண்டாவது போனது. மூன்றாவது, கலியாணத்துக்கு முந்திய நாள்வரை எனக்குப் பாதிக்கு மேல் போகாதது, அது மேலே போய்த் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது, மகள். அல்லாஹ் அறிய, கேட்டது.

பிறகு விட்டேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. உடையவில்லை. ஜெஸீமா சேர்ந்தாள், மற்றவர்கள் சேர்ந்தார்கள், கனகேஸ்வரி சேர்ந்தாள். வாசலுக்கு வெளியே முடித்துவிட்டு நின்ற அஸீமின் உம்மா பொறுக்கமாட்டாமல் திரும்பவும் எடுத்தா. எந்தப் பக்கம் எங்கள் பக்கம், எந்தப் பக்கம் அவர்கள் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் மூச்சு முடிந்து நிறுத்திய பிறகு கடைசியாக ஒரு குரல் மட்டும் நின்றது. அது யாருடையது என்று நான் எழுதமாட்டேன். பெருமை பேசக்கூடாது. மாமாவிடம் கேள், அவர் வாசித்துக் காட்டுவார்.

முதல் வரிசையில் டொக்டர் கைதட்டிக்கொண்டு நின்றா. கனகேஸ்வரிதான் கூட்டிவந்திருக்கிறாள்.

'எங்கிரிந்து இவ்வளவு மூச்சு' என்று இந்த முறையும் ஒருத்தி கேட்டாள். எங்கிருந்து என்று உட்காரவைத்துச் சொன்னேன். எல்லாம் சொன்னேன், நின்றதிலிருந்து. ஆம்பிளைகளும் இருந்தார்கள். இருக்கட்டும்.

மாமி


மகளிர் விடுதி, கண்டி
25.05.2025

மாமி,

நான் கேட்டது பாதியில்லை. முழுதாகக் கேட்டேன்.

வாடன் மிஸ் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். மாமாவின் குரல் வந்தது. 'மர்ஹூம் மீராலெவ்வையின் மகளும்.' அந்தக் குரலில் அப்படித் தொடங்கினால் எப்படி முடியும் என்று நம் ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? வாடன் மிஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். போனின் சின்னத் துளைக்குள்ளால் அவ்வளவும் வந்தது. குரவை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் கதிரைகளில் ஏறி நின்று கத்தினார்கள். ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியாமல் இருந்தாள். "யார் அது?" என்று வாடன் மிஸ் கேட்டார். "நாளைக்கு எனக்குப் பரீட்சையில் வரப்போகிற பாடம்" என்றேன்.

வந்தது மாமி, உண்மையாகவே வந்தது. 'ஈஸ்ட்ரஜனின் தொழில்கள் மூன்று தருக.'

நான் நான்கு எழுதினேன்; நான்காவது, நெஞ்சுக்குக் காவல் நிற்பது. நான்காவதற்குப் புள்ளி கிடையாது, பாடப் புத்தகத்தில் அது இல்லை என்றார் டீச்சர். பரவாயில்லை. அதற்குரிய புள்ளியை நான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே காதால் வாங்கிவிட்டேன்.

உங்கள் மருமகள்,
ஸகியா